புதிய காப்புறுதிக்கு முன் நமது பழைய உரிமைகளைப் பார்ப்போம்



சம்பள நாளில் லயத்துக்கு வரும் காப்புறுதி முகவரைத் திருப்பி அனுப்புங்கள் என்று நாம் சொல்லவில்லை. ஆபத்து சொல்லிக்கொண்டு வராது. 2004 டிசம்பர் 26இல் திருகோணமலைக் கரையோரம் வள்ளத்தையும் வீட்டையும் இழந்தவர்களுக்கு அது தெரியும். 2014 ஒக்டோபர் 29இல் கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயங்கள் மண்ணுக்குள் புதைந்ததை நாமும் மறக்கவில்லை.

ஆனால் நீண்டகாலக் காப்புறுதியை மாதம் தவறாமல் கட்ட வேண்டும். வேலை நாள் குறையும் மாதத்திலும் கட்ட முடியுமா? ஓரிரு வருடத்தில் நிறுத்தினால் கட்டிய பணத்தில் பெரும்பகுதி போய்விடும். ஆகவே கையெழுத்திடும் முன், சட்டம் ஏற்கெனவே தந்த பாதுகாப்பு நம் கையில் இருக்கிறதா என்று பார்ப்போம்.

1958ஆம் ஆண்டுச் சட்டப்படி ஈ.பி.எப்.புக்கு நமது சம்பளத்தில் 8 வீதமும், அதற்கு மேல் முதலாளியின் 12 வீதமும் சேர வேண்டும். 1980இல் வந்த ஈ.டி.எப்.புக்கு முதலாளி மட்டும் 3 வீதம் கட்டுகிறார். இருதய சத்திரசிகிச்சை, கண்வில்லை, ஐந்தாம் ஆண்டுப் புலமைப்பரிசில் ஆகியவற்றுக்கு அந்த நிதியில் உதவி உண்டு. 15 பேருக்குக் குறையாத வேலைத்தளத்தில் ஐந்து வருடம் உழைத்த நாட்சம்பளக்காரருக்கு, வருடத்துக்கு 14 நாள் சம்பளம் என்ற கணக்கில் பணிக்கொடை தரவேண்டும் என்கிறது 1983ஆம் ஆண்டுச் சட்டம். வேலையில் காயப்பட்டால் நட்டஈடு கேட்கும் உரிமை 1934 முதல் இருக்கிறது.

தோட்டத்தில் இவை ஓரளவு தெரிந்த கணக்கு. தோட்டத்தை விட்டு வெளியேறும் பிள்ளைகளிடம்தான் நூல் அறுந்துபோகிறது. திருகோணமலைத் துறைமுகப் பக்கத்திலும் சீனன்குடாவிலும் கொந்தராத்துக்காரரின் கீழ் மூட்டை தூக்கும் இளைஞரிடம், "நாட்கூலிக்கு ஈ.பி.எப். கிடையாது" என்று சொல்லிவிடுகிறார்கள். அது பொய். தற்காலிகமோ, நாட்கூலியோ, கொந்தராத்தோ, முதல் நாளிலிருந்தே கட்ட வேண்டும். இருபது வயதில் விடுபட்ட பணம் ஐம்பத்தைந்தில்தான் வலிக்கும். அப்போது கொந்தராத்துக்காரரை எங்கே தேடுவது?

இன்னொன்று, பெயர். பிறப்புச் சான்றிதழில் ஓர் எழுத்து, அடையாள அட்டையில் வேறு எழுத்து, ஈ.பி.எப். பதிவில் மூன்றாவது எழுத்து. பாடசாலைப் பதிவேட்டிலேயே இதை நாம் தினமும் பார்க்கிறோம். உழைத்தவர் இறந்தபின் அந்த ஓர் எழுத்துக்காக விதவை மாதக்கணக்கில் கந்தோர் கந்தோராக அலைகிறார். பின்னுரித்தாளராகக் கலியாணத்துக்கு முன் எழுதிய பெயரே இன்னும் கிடக்கிறதா என்றும் பாருங்கள்.

இவையெல்லாம் இருந்தாலும் எல்லா ஆபத்தும் தீராது. மண்சரியும் மலையடியில் இருக்கும் லயத்தை எந்தக் காப்புறுதியும் நகர்த்தாது. பாதுகாப்பான காணியும் வீடும் கேட்டுப் போராடித்தான் பெறவேண்டும்.

அடுத்த கிளைக் கூட்டத்துக்குச் சம்பளச் சிட்டை, அடையாள அட்டை, பிறப்புச் சான்றிதழ் மூன்றையும் கொண்டுவாருங்கள். வெளியூரில் வேலைசெய்யும் பிள்ளையிடம் ஈ.பி.எப். இலக்கத்தைக் கேட்டு எழுதி வாருங்கள். இலக்கமே இல்லை என்றால் அதையும் சொல்லுங்கள். தொழில் திணைக்களத்துக்கு எழுத வேண்டிய முறைப்பாட்டை அங்கேயே சேர்ந்து எழுதுவோம்.