பாத்திரமா, பங்கு போட?

அண்ணன் தம்பி சொத்து பிரிக்கும்போது அண்டா ஒருத்தருக்கு, குத்துவிளக்கு ஒருத்தருக்கு என்று பங்கு வைப்பார்கள். பெற்றவர்களையும் இப்போது அப்படித்தான் பங்கு வைக்கிறோம். 'அப்பா பெரியவன் வீட்டில், அம்மா சின்னவன் வீட்டில்' என்று சொன்னால் யாருக்கும் அது தப்பாகவே படுவதில்லை. எனக்கும் படவில்லை. அந்தக் காரியத்தை நானே செய்தவள் என்பதால்தான் சகோதரிகளுக்கு இதை எழுதுகிறேன்.

நாங்கள் நீலகிரி படகர் இனம். கோத்தகிரிக்கு அப்பால் உள்ள ஒரு ஹட்டிதான் எங்கள் ஊர். கிராமத்தை நாங்கள் ஹட்டி என்போம். சுவரோடு சுவர் ஒட்டி வரிசையாக ஓட்டு வீடுகள், முன்னால் பொது வாசல், சுற்றிலும் தேயிலை. 2008-ல் நான் கல்யாணமாகிப் போனபோதே நாற்பது வீட்டில் பாதி பூட்டிக் கிடந்தது. இன்றைக்கு ராத்திரியில் விளக்கெரிவது ஒன்பது வீட்டில்தான். அதில் ஒன்று என் மாமனார், மாமியார் வீடு. அவருக்கு 77 வயது, அவருக்கு ஐந்து வயது இளையவர் மாமி.

ஊர் ஏன் காலியானது என்றால் தேயிலைதான் காரணம். எங்கள் பக்கத்துத் தேயிலையை அந்தக் காலத்தில் ரஷ்யாக்காரன் நிறைய வாங்கினான். 1991-ல் சோவியத் நாடு உடைந்ததில் அந்த வியாபாரம் ஆட்டம் கண்டது. 1990களின் கடைசியில் பச்சைத் தேயிலை விலை ஒரேயடியாக விழுந்தது. உரத்துக்கும் கூலிக்கும்கூடக் கட்டவில்லை. என் கணவர் பள்ளிப் படிப்பை முடித்த சமயம் அது. 'இந்த மண்ணை நம்பாதே, கீழே போய்ப் பிழை' என்று மாமனாரே அனுப்பி வைத்தாராம். இப்படி வீட்டுக்கு வீடு நடந்தது. 2001 கணக்கெடுப்பில் நீலகிரி மாவட்டத்தில் 7,62,141 பேர். 2011-ல் 7,35,394 பேர். தமிழ்நாட்டில் எல்லா மாவட்டத்திலும் ஜனங்கள் கூட, எங்கள் மாவட்டத்தில் மட்டும் குறைந்தார்கள்.

2022 ஆடி மழையில் மாமனார் தோட்டத்துப் படியில் வழுக்கி விழுந்து காலை ஒடித்துக்கொண்டார். கோவையில் ஆபரேஷன் நடந்தது. 'இனி மலையில் வைத்திருக்க முடியாது' என்று எல்லாரும் உட்கார்ந்து பேசினோம். இரண்டு பேரையும் ஒரே வீட்டில் வைத்துக்கொள்ள யாருக்கும் இடமில்லை, வசதியும் இல்லை. மாமனார் திருப்பூரில் உள்ள கொழுந்தனார் வீட்டுக்கும், மாமி கோவையில் எங்கள் வீட்டுக்கும் என்று முடிவாயிற்று. நான் சந்தோஷமாகவே தலையாட்டினேன். உண்மையைச் சொல்கிறேன், இரண்டு பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டு ஒண்டியாகத் திண்டாடிக்கொண்டிருந்த எனக்கு மாமி வந்தால் கைக்கு உதவி என்றுதான் தோன்றியது. மாமனார் வராதது நிம்மதியாகக்கூட இருந்தது.

நாங்கள் அவர்களைக் குறையில்லாமல்தான் பார்த்துக்கொண்டோம். ஆனால் மலையில் எழுபது வயது தாண்டியும் விறகு சுமந்த மாமி எங்கள் வீட்டில் கடைக்குப் போகவே பயந்தார். எழுதப் படிக்கத் தெரியாதே! அங்கே பஸ் போர்டிலிருந்து கரண்ட் பில் வரை மாமனார்தான் படித்துச் சொல்வார். அதே மாமனார் திருப்பூரில் சுகர் மாத்திரையைப் போட்டோமா இல்லையா என்று குழம்பி, ஒரு நாள் இரண்டு தரம் போட்டு மயங்கி விழுந்தார். ஊரில் 'வெள்ளை உருண்டை காலையில், மஞ்சள் நீட்டு ராத்திரி' என்று கணக்கு வைத்துக் கொடுத்தது மாமி. அவருக்குக் காது மந்தம்; வாசலில் கூப்பிட்டால் கேட்பது மாமிக்கு. மாமிக்குக் கண் மங்கல். அரிசியில் கல் பொறுக்குவது அவர். அங்கே அவர்கள் இரண்டு பேருக்கும் வேறு ஆள் தேவைப்படவில்லை. இங்கே கொண்டுவந்து பிரித்ததும் ஆளுக்கு ஒரு ஆள் தேவைப்பட்டது. பாரத்தைப் பங்கு போடுகிறோம் என்று நினைத்து, இல்லாத பாரத்தை நாங்களே உண்டாக்கினோம்.

என்னை உலுக்கியது வேறொன்று. எங்கள் இனத்தில் வயதான பெண்களுக்கு உடுப்பு வெள்ளைதான். மாமி வெள்ளை முண்டு கட்டி, தலையில் வெள்ளைத் துணி போட்டிருப்பார். ஒரு நாள் எதிர்வீட்டு அம்மா என்னிடம் மெதுவாக, 'உங்க மாமனார் தவறி எத்தனை வருஷமாச்சு?' என்று கேட்டார். அவர்மேல் தப்பில்லை. வெள்ளை உடுத்தித் தனியாக இருக்கும் கிழவியை வேறு என்னவென்று நினைப்பார்? நான் பதறிப்போய்த் திரும்பினால், பின்னால் மாமி நிற்கிறார். ஒன்றும் சொல்லாமல் உள்ளே போய்விட்டார். அன்றைக்கு அவர் சாப்பிடவில்லை. புருஷன் உயிரோடு இருக்கும்போதே அவரை அப்படி ஆக்கியது நாங்கள்தானே?

2023 ஜனவரியில் ஹெத்தை அம்மன் திருவிழாவுக்கு எல்லாரும் ஊருக்குப் போனோம். ஆறு மாதம் கழித்து இரண்டு பேரும் ஒரே அடுப்பு முன்னால் உட்கார்ந்தார்கள். பெரிதாக ஒன்றும் பேசிக்கொள்ளவில்லை. 'கம்பளி எங்கே?' என்று மாமி அதட்டினார், அவ்வளவுதான். கிளம்பும் நாளில் மாமி காரில் ஏறவில்லை. என் கணவர் சத்தம் போட்டார். 'ஒருத்தருக்கு ஏதாவது ஆகிட்டா இன்னொருத்தர் என்ன செய்வீங்க?' என்று நானும் கேட்டேன். மாமி சொன்னார்: 'அது என்னிக்கு வருதோ அன்னிக்குப் பாத்துக்கலாம். இன்னிக்கே எதுக்குப் பிரிச்சு வைக்கிறீங்க?' எனக்குப் பதில் வரவில்லை.

அதற்குப் பிறகு அவர்கள் அங்கேதான். மலை வாழ்க்கையில் கஷ்டமே இல்லை என்று நான் சொல்லவில்லை. ஆள் இல்லாத தோட்டங்கள் புதராகி, காட்டெருமை வாசல் வரை வருகிறது. கோயில் விளக்கு எண்ணெய்க்குக் கரடி கதவை உடைக்கிறது. ராத்திரி நெஞ்சு வலித்தால் ஆம்புலன்ஸ் வளைவுகள் தாண்டி வரவேண்டும். அதனால் எங்களால் முடிந்ததைச் செய்தோம். முன்பு தள்ளி இருந்த கக்கூஸை வீட்டோடு கட்டினோம். படிக்குக் கைப்பிடிக் கம்பி போட்டோம். தோட்டத்தைப் பக்கத்து வீட்டாருக்குக் குத்தகைக்கு விட்டோம். பதினைந்து நாளுக்கு ஒரு முறை இரு மகன்களில் ஒருவர் கட்டாயம் போகவேண்டும் என்று முறை வைத்தோம். தனித்தனியாக வைத்திருந்தபோது ஆன செலவைவிட இது குறைவுதான்.

அரசாங்கத்தையும் ஒன்று கேட்கிறேன். 2021-ல் 'மக்களைத் தேடி மருத்துவம்' தொடங்கி, பி.பி., சுகர் மாத்திரையை வீடு தேடிக் கொடுத்தார்கள். 2024-ல் பெண்களுக்கு இலவச பஸ் மலைக்கும் வந்தது. 'எனக்கு ஓசி, உங்களுக்குத்தான் டிக்கெட்' என்று மாமி அவரைக் கேலி செய்து சிரித்தார். இப்படிப்பட்ட உதவிகள்தான் வயதானவர்களை அவர்கள் வீட்டிலேயே காப்பாற்றும். ஒன்பது வீடுதானே என்று கடைசி பஸ்ஸை நிறுத்திவிடாதீர்கள். அந்த ஒன்பது வீட்டிலும் இருப்பது வயதானவர்கள்தான்.

சகோதரிகளே, உங்கள் வீட்டில் இப்படிப் பேச்சு வந்தால் 'யார் வீட்டுக்கு யார்' என்று முதலில் கேட்காதீர்கள். 'இரண்டு பேரும் சேர்ந்து எங்கே இருக்க முடியும்?' என்று கேளுங்கள். ஊரிலேயே முடிந்தால் ஊரில். முடியாவிட்டால் நெருக்கடியானாலும் ஒரே வீட்டில், முறை போட்டுக்கொண்டு. நமக்கும் வயதாகும். அன்றைக்கு நம் பிள்ளைகள் என்ன பேசுவார்கள் என்பது, இன்றைக்கு நம் வீட்டில் அவர்கள் எதைக் கேட்டு வளர்கிறார்கள் என்பதைப் பொறுத்தது.

- பெயர் வெளியிட விரும்பாத வாசகி, கோயம்புத்தூர்.