மூலம் என்று நாமே பெயர் வைக்க வேண்டாம்

தஞ்சாவூரிலிருந்து கும்பகோணம் போகும் சாலையில் எந்த ஊர்ப் பேருந்து நிறுத்தத்தில் இறங்கினாலும் அந்த விளம்பரம் கண்ணில் படும். மூலம், பௌத்திரம், ஆபரேஷன் இல்லாமல் குணம். கீழே ஒரு செல்போன் எண். மின்கம்பம், மதகுச் சுவர், கட்டணக் கழிப்பறைக் கதவு என்று ஓரிடம் பாக்கியில்லை. இவ்வளவு ஒட்டுகிறார்கள் என்றால் அவ்வளவு பேர் தேடிப் போகிறார்கள் என்றுதான் அர்த்தம். போகிறவர்களில் பெரும்பாலோருக்கு மூலமாகவே இருக்கும். என் கவலையெல்லாம் மீதிப் பேரைப் பற்றியது.

பாபநாசம் பக்கத்தில் எனக்கு ஒரு பெரியப்பா இருக்கிறார். அறுபத்தெட்டு வயதிலும் வரப்பில் நடந்தால் நாம் ஓடித்தான் பிடிக்க வேண்டும். ஒரு சம்பா அறுப்பின்போது அவருக்கு மலத்தோடு ரத்தம் வந்திருக்கிறது. பெரியம்மாவிடம் மட்டும் சொன்னார். “உஷ்ணம்தான். களத்துல நின்னு நின்னு சூடு ஏறிப்போச்சு. அறுப்பு முடிஞ்சா அடங்கிடும்” என்று அவரே வைத்தியமும் சொல்லிவிட்டார். பெரியம்மா கருணைக்கிழங்கு மசியல் வைத்தார், துத்தி இலையை வதக்கிக் கொடுத்தார், மோரைக் கூட்டினார். ரத்தம் சில வாரம் நின்றது. நின்றதும் இருவரும் நிம்மதியானார்கள். பிறகு திரும்ப வந்தது, திரும்ப நின்றது. இந்த வியாதி அப்படித்தான் விட்டு விட்டு ஏமாற்றும்.

அடுத்த வருஷம் கண்புரை ஆபரேஷனுக்குப் போன இடத்தில் ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். ஹீமோகுளோபின் ஏழு. மூன்று வேளை வயிறாரச் சாப்பிடுகிற ஆண்பிள்ளைக்கு ரத்தம் எங்கே போகிறது என்று அந்தக் கண் டாக்டருக்குத் தோன்றியது புண்ணியம். அவர் அனுப்பிய அறுவை மருத்துவர் கையுறையை மாட்டி ஆசனவாயில் விரல் விட்டுப் பார்த்தார். ஒரு நிமிஷம்கூட ஆகியிருக்காது. விரல் எட்டும் தூரத்திலேயே கட்டி இருந்தது. “எப்பலேர்ந்துங்க ரத்தம் வருது?” என்று கேட்டார். “போன சம்பா அறுப்புலேர்ந்து” என்றார் பெரியப்பா. மருத்துவர் வேறொன்றும் கேட்கவில்லை, எழுத ஆரம்பித்துவிட்டார்.

மலக்குடல் புற்றுநோய். கதிர்வீச்சு, ஆபரேஷன், கீமோ எல்லாம் முடிந்து, இப்போது வயிற்றில் மலம் சேரும் பை வைத்திருக்கிறார். வேட்டிக்குள் பையைச் சரிசெய்துகொண்டு வயலுக்கும் போகிறார். ஒரு வருஷம் முன்னால் பார்த்திருந்தால் இந்தப் பை இல்லாமலே முடிந்திருக்கலாம்.

இந்த நோய்க்கும் நம் பக்கத்துச் சீமைக்கும் பழைய தொடர்பு ஒன்று உண்டு. புதுக்கோட்டையில் 1886இல் பிறந்து, 1912இல் மெட்ராஸ் மருத்துவக் கல்லூரியில் பட்டம் பெற்றவர் முத்துலட்சுமி ரெட்டி. அவருடைய தங்கை இளவயதிலேயே மலக்குடல் புற்றுநோயில் இறந்துபோனார். அக்காளே மருத்துவராக இருந்தும் காப்பாற்ற முடியவில்லை. புற்றுநோய்க்கென்று தனி மருத்துவமனை வேண்டும் என்ற பிடிவாதம் அந்தச் சாவிலிருந்து வந்தது. 1952இல் நேரு அடிக்கல் நாட்டினார், 1954இல் அடையாறு புற்றுநோய் மருத்துவமனை திறந்தது. வாய்ப் புற்றுக்கும் கருப்பைவாய்ப் புற்றுக்கும் தமிழ்நாட்டில் ஓரளவு விழிப்பு வந்ததில் அந்த நிறுவனத்துக்குப் பெரிய பங்கு. ஆனால் அதன் விதையாக இருந்த குடல் புற்றைப் பற்றி நாம் இன்றும் வாய் திறப்பதில்லை.

உலகில் அதிகம் வரும் புற்றுநோய்களில் இது மூன்றாவது. உயிரைக் குடிப்பதில் நுரையீரல் புற்றுக்கு அடுத்தது. 2022இல் மட்டும் சுமார் 19 லட்சம் பேருக்குப் புதிதாக வந்திருக்கிறது, 9 லட்சம் பேர் இறந்திருக்கிறார்கள். மேல்நாடுகளோடு பார்த்தால் நம்மிடம் குறைவுதான். ஆனால் நம் ஆட்கள் மருத்துவரிடம் வருவதே முற்றிய பிறகு என்பதால், குறைவு என்று சொல்லி ஆறுதலடைய முடியவில்லை.

எனக்கு ஆற்றாமையாக இருப்பது இன்னொரு காரணத்துக்காக. தடுக்கக்கூடிய புற்றுநோய்களில் இது முதல் வரிசை. பெரும்பாலும் குடலின் உட்சுவரில் ‘பாலிப்’ என்னும் சின்னச் சதை வளர்ச்சியாகத் தொடங்குகிறது. பாலிப் எல்லாம் புற்றாவதில்லை. ஆகிறவையும் அதற்குப் பத்து வருஷம்போல எடுத்துக்கொள்கின்றன. பயிருக்கு நடுவே களை சின்னதாக இருக்கும்போதே பிடுங்குகிற மாதிரி, ஆசனவாய் வழியாகக் கேமராக் குழாய் விட்டுக் குடலைப் பார்க்கும் கொலோனோஸ்கோபி செய்யும்போதே அந்தக் குழாய் வழியாக அதை எடுத்துவிடலாம். அதோடு சரி. வலியோ ரத்தமோ வருமுன்பே பார்க்க வேண்டும் என்று சொல்வது இதனால்தான்.

கொலோனோஸ்கோபி என்றதும் பெரியவர்கள் பயப்படுகிறார்கள். முதல் நாள் இலகுவான சாப்பாடு, ராத்திரி தண்ணீரில் கரைத்த பேதி மருந்தைச் செம்பு செம்பாகக் குடிக்க வேண்டும், விடிய விடியப் போகும். சிரமமெல்லாம் அதோடு தீர்ந்தது. மறுநாள் மயக்கம் கொடுத்து அரைமணி நேரத்தில் முடித்து, சாயங்காலம் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். துணைக்கு ஒருவர் வேண்டும். சர்க்கரை மருந்தோ ரத்தத்தை நீர்க்கச் செய்கிற மாத்திரையோ சாப்பிடுகிறவர்கள் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்.

எடுத்த எடுப்பில் எல்லோருக்கும் குழாய் தேவையில்லை. தொந்தரவு ஏதும் இல்லாத ஐம்பது வயதுக்காரர் மலத்தில் கண்ணுக்குத் தெரியாத ரத்தம் இருக்கிறதா என்று பரிசோதித்துக்கொள்ளலாம். லேப் சீட்டில் ‘ஸ்டூல் அக்கல்ட் பிளட்’ என்று எழுதுவார்கள். இதில் ‘ஃபிட்’ என்கிற புதிய முறை மனித ரத்தத்தை மட்டும் காட்டுவதால் பத்தியம் எதுவும் இல்லை. ஜப்பானில் 1992 முதல் நாற்பது வயது தாண்டியவர்களுக்கு ஆண்டுதோறும் மலப் பரிசோதனை. பிரிட்டனில் டப்பாவைத் தபாலில் வீட்டுக்கே அனுப்பிவிடுகிறார்கள். அமெரிக்காவில் தொடங்கும் வயதை 2021இல் நாற்பத்தைந்தாகக் குறைத்துவிட்டார்கள். அப்பா, அம்மா, உடன்பிறந்தவர் யாருக்காவது இது வந்திருந்தால் நாற்பதிலேயே பார்க்க வேண்டும். இல்லாவிட்டால் அவருக்கு வந்த வயதுக்குப் பத்து வருஷம் முன்பு. இரண்டில் எது முந்தியோ அது. எழுபத்தைந்துக்கு மேல் உடல்நிலையைப் பார்த்து மருத்துவர் முடிவு செய்யட்டும். எண்பத்தைந்து வயதில் இதயக் கோளாறோடு இருக்கும் பாட்டியை இதற்காக அலைக்கழிப்பது நியாயமில்லை.

ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். இந்த மலப் பரிசோதனை தொந்தரவு இல்லாதவர்களுக்கு. ரத்தம் வருகிறவர், மலம் கழிக்கும் பழக்கம் திடீரென்று மாறி வாரக்கணக்கில் அப்படியே இருப்பவர், காரணமில்லாமல் மெலிகிறவர், ரத்தசோகை வந்தவர் இதையெல்லாம் செய்து நாளைக் கடத்தாமல் நேரே மருத்துவரிடம் போக வேண்டும். மூலம் இருக்கிறது என்று ஏற்கெனவே தெரிந்தவரும்தான். மூலம் இருந்தால் புற்று வராது என்று எந்த விதியும் இல்லை, இரண்டும் ஒரே ஆளுக்கு இருக்கலாம்.

சாப்பாட்டைப் பற்றி நம் பக்கம் நிறையப் பேசுகிறோம். மாப்பிள்ளைச் சம்பாவும் கைக்குத்தல் அரிசியும் நல்லவை, நார்ச்சத்து குடலுக்கு நல்லது, சந்தேகமில்லை. வெள்ளை வெளேரென்று தீட்டிய அரிசியை விட்டு அவற்றுக்குத் திரும்புகிறவர்களை நான் மனதாரப் பாராட்டுகிறேன். அதைச் சாப்பிட்டால் புற்றே வராது என்று மேடையில் பேசுகிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. சிகரெட், பீடி, மது, உடம்பு பருத்துப்போவது, உடல் உழைப்பு நின்றுபோவது எல்லாம் ஆபத்தைக் கூட்டுகின்றன. நடவுக்கும் அறுப்புக்கும் இயந்திரம் வந்தபின் பல வீடுகளில் பெரியவர்கள் திண்ணையோடு நின்றுவிட்டார்கள்.

அரசிடமும் ஒரு கோரிக்கை உண்டு. நாட்டின் புற்றுநோய்ப் பரிசோதனைத் திட்டத்தில் வாய், மார்பகம், கருப்பைவாய் மூன்றும் இருக்கின்றன, குடல் இல்லை. கோடிக்கணக்கான பேருக்குக் குழாய் விட முடியாது என்பது புரிகிறது. ஆனால் 2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் வீட்டுக்கே வந்து பிரஷரும் சுகரும் பார்க்கிறார்கள். அப்படி வருகிற சுகாதாரத் தன்னார்வலர், ஐம்பது தாண்டிய எல்லோரிடமும் “மலத்துல ரத்தம் வருதாங்கம்மா, வருதாங்கய்யா?” என்று ஒரு கேள்வி கேட்டு எழுதிக்கொண்டால் போதும். அதற்குக் கருவி வேண்டாம், நிதி வேண்டாம். வருகிறது என்பவர்களைத் தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு அனுப்பலாம். புற்று என்று தெரிந்தால் முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருக்கிறது.

இதைப் படிக்கிற பிள்ளைகளுக்குக் கடைசியாக ஒன்று. சென்னையிலோ சிங்கப்பூரிலோ துபாயிலோ இருந்துகொண்டு ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்குப் பேசும்போது சாப்பிட்டீங்களா, மாத்திரை போட்டீங்களா என்று கேட்கிறோம். “கொல்லைக்குப் போறதெல்லாம் ஒழுங்கா இருக்கா, ரத்தம் ஏதும் பட்டுச்சா?” என்றும் கேளுங்கள். அம்மாவிடம் மகளோ மருமகளோ கேட்கட்டும், கூச்சம் குறையும். சம்பா அறுப்பு முடிந்து, ஜூன் 12இல் மேட்டூர் தண்ணீரை எதிர்பார்த்து வயல் காய்ந்து கிடக்கும் பங்குனி, சித்திரையில் பெரியவர்களுக்கு வேலை குறைவு. அதில் இரண்டு நாள் ஒதுக்கி, பக்கத்தில் இருந்து, நீங்களே அழைத்துப் போய்க் காட்டிவிடுங்கள்.