துப்பிய எச்சிலுக்கு எதற்கு உரைநூல்?

சிட்காமில் சினிமா, அரசியல், இலக்கியக் குறிப்புகளைத் திணிப்பது விஷயம் தெரிந்தவர்களின் தனிச்சிரிப்பு. தெரியாதவர் வெளியே நிற்க வேண்டியதுதான் என்கிறது ஒரு வாதம். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது, அமெரிக்க சிட்காமான ‘சைன்ஃபெல்ட்’ பார்க்கும்வரை.

1992 பிப்ரவரியில் வந்த ‘தி பாய்ஃபிரண்ட்’ அத்தியாயத்தில், பேஸ்பால் வீரர் கீத் ஹெர்னாண்டஸ் தங்கள்மேல் துப்பிவிட்டார் என்று நாயகன் ஜெர்ரியின் அண்டைவீட்டாரான க்ரேமரும் நியூமனும் பொருமுகிறார்கள். ஜெர்ரி விடுவாரா? கோல்ஃப் மட்டையைக் கையில் எடுத்துக்கொண்டு, ஒரே எச்சில் க்ரேமர் தலையில் பட்டு, அந்தரத்தில் திசை திரும்பி, நியூமன்மேலும் விழுந்ததா என்று வக்கீல் தோரணையில் பிரித்து மேய்கிறார். வெளியாகி இரண்டு மாதம்கூட ஆகாத ஆலிவர் ஸ்டோனின் ‘ஜேஎஃப்கே’ படத்தில், அமெரிக்க அதிபர் கென்னடியைத் துளைத்த ‘மாயத் தோட்டா’வை நீதிமன்றத்தில் விளக்கும் காட்சியின் நையாண்டி இது. நியூமனாக வரும் வேய்ன் நைட் அந்தப் படத்திலும் நடித்தவர் என்பது உபரி குறும்பு.

இதெல்லாம் தெரியாதவர் எதை இழந்தார்? ஒரு வாய் எச்சிலுக்குக் கொலை வழக்கு மரியாதை கிடைப்பதைப் பார்த்துச் சிரிக்க, கென்னடி கொலையை விசாரித்த வாரன் கமிஷனின் அறிக்கையா படிக்க வேண்டும்?

பிரபலத்தின் பெயரை உதிர்த்துவிட்டுக் கைதட்டலுக்குக் காத்திருக்கும் தொடர்களும் உண்டுதான். அவற்றைத் தாராளமாகத் திட்டலாம். அங்கே நகைச்சுவையே எழுதப்படவில்லை.