எது அந்தக் காலம்?

"அந்தக் காலத்துல பொம்பளைங்க எவ்ளோ அடக்கமா உடுத்துவாங்க தெரியுமா?" இந்தப் பேச்சு காதில் விழாமல், ஆரணிக்குப் பக்கத்தில் பட்டு நெய்யும் எங்கள் சேவூரில் ஒரு கல்யாணப் பந்தியில் உட்கார்ந்து எழுந்துவிட முடியாது. கல்லூரிப் பேருந்திலிருந்து லெக்கிங்ஸோடு இறங்கும் பெண்ணைப் பார்த்துச் சொல்கிறார்கள். நைட்டியோடு தெருக்குழாய்க்கு வருகிறவளைப் பார்த்துச் சொல்கிறார்கள். சொல்கிறவர்கள் கெட்டவர்கள் அல்ல. ஆயுள் முழுக்கத் தறிக்குழியில் கால் வைத்து உழைத்தவர்கள். எனக்குப் பெரியப்பா, அத்தை முறை ஆகிறவர்கள். ஆனாலும் அந்தப் பேச்சு பொய். அந்தப் பொய்யை வைத்துத்தான் வீட்டில் இருக்கும் பெண்பிள்ளையின் படிப்பையும் நடமாட்டத்தையும் மறிக்கிறார்கள். உறவு பார்த்து இனியும் தலையாட்டிக்கொண்டிருக்க எனக்கு மனம் இல்லை.

முதலில் கணக்கு. இன்று எழுபது, எழுபத்தைந்து வயதில் இருக்கிறவருக்கு இருபது வயது நடந்தது 1970களில். பெல்பாட்டமும் நைலக்ஸ் சேலையும் ஊரை ஆண்ட காலம் அது. இன்னும் பத்து வருஷம் மூத்தவர் என்றால் 1964இல் 'காதலிக்க நேரமில்லை' வந்தபோது அவருக்கு இளம் வயது. உடலோடு ஒட்டிய நாகரிக உடையில் காஞ்சனாவும் ராஜஸ்ரீயும் வந்த அந்தப் படத்தைக் கொண்டாடியது வேறு யாரோ அல்ல, இந்தத் தலைமுறைதான். அடுத்த வருஷம் வந்த 'வெண்ணிற ஆடை'க்குத் தணிக்கைக் குழு 'ஏ' சான்றிதழ் கொடுத்தது. நாயகி ஜெயலலிதாவுக்கு அப்போது வயது 17. தான் நடித்த படத்தைத் தியேட்டரில் போய்ப் பார்க்க அவருக்கே வயது போதாது. இதுதான் அவர்கள் சொல்லும் அந்தக் காலம்.

சினிமாவை விடு, ஊரில் யார் அப்படி உடுத்தினார்கள் என்று கேட்பார்கள். ஊரில் உடுத்தினார்கள். எங்கள் உறவுக்காரர் வீட்டுக் கூடத்தில், கல்யாணமான புதிதில் ஆரணிக்குப் போய் எடுத்துக்கொண்ட ஸ்டுடியோ படம் இன்னும் மாட்டியிருக்கிறது. அவருடைய பெல்பாட்டத்தின் அடிவிளிம்பு செருப்பை மூடித் தரையில் புரள்கிறது. நாய்க்காது காலர் தோள்பக்கம் விரிந்து கிடக்கிறது. கிருதா தாடையைத் தொடுகிறது. பக்கத்தில் நிற்கும் அவர் மனைவி கட்டியிருப்பது நைலக்ஸ் சேலை. ரவிக்கையின் தையல்கூட முந்தானைக்குள்ளிருந்து தெரிகிறது. ரவிக்கையின் கை தோளிலிருந்து நாலு விரற்கடை இறங்கியிருந்தால் அதிகம். சேலைக் கொசுவம் இடுப்பில் நன்றாக இறங்கி நிற்கிறது. இருவர் முகத்திலும் அப்படி ஒரு பெருமிதம்.

படத்தில் இருக்கும் அந்த மனைவி எனக்கு அத்தை முறை. அவரிடம் அந்தச் சேலையைப் பற்றிக் கேட்டேன். "அத்த கட்டிக்கினு வந்தன்னைக்கி எங்க மாமியா ஆடினாங்க பாரு ஆட்டம்! கண்ணாடிய சுத்திக்கினு வரா, குடும்பம் வெளங்குமான்னு கேட்டாங்க. நான் கேக்கவே இல்ல. அடுத்த பொங்கலுக்கு இன்னொண்ணு எடுத்தேன்" என்றார். சொல்லும்போது முகமெல்லாம் சிரிப்பு. பேத்தி உள்ளேயிருந்து ஜீன்ஸோடு வந்தாள். சிரிப்பு போய்விட்டது. "இத்தப் போட்டுக்கினு போனா நாலு பேரு என்னா பேசுவாங்க?" என்று ஆரம்பித்துவிட்டார்.

இங்கேதான் அந்தப் பொய்யின் வேர் இருக்கிறது. நம் பெரியவர்கள் தங்கள் இளமையை நினைவில் வைத்திருக்கவில்லை. அந்த இளமையைத் திட்டிய மாமியாரின் வசவை வைத்திருக்கிறார்கள். வாங்கிய திட்டையே வேதமாக்கி, அதை இன்னொருத்தி தலையில் இறக்குகிறார்கள். இதில் அவர்கள் பேத்திக்குச் செய்யும் அநியாயத்தோடு தங்களுக்கே செய்துகொள்ளும் அநியாயமும் சேர்ந்திருக்கிறது. மாமியாரை எதிர்த்து அந்தக் காலத்தில் ஒரு நைலக்ஸ் சேலை கட்டுவதற்குத் துணிச்சல் வேண்டும். அந்தத் துணிச்சல்காரியை அவரே தன் வாயால் இல்லாமல் ஆக்குகிறாரே என்பதுதான் எனக்கு ஆறவில்லை.

மற்ற ஊர்க்காரர்கள் இப்படிப் பேசினாலும் மன்னிக்கலாம். பட்டு நெய்து பிழைக்கும் ஊர்க்காரர்கள் பேசக் கூடாது. ஒவ்வொரு தலைமுறையின் புது ஆசையும் நம் தறியில்தானே ஏறியது? 'பாலும் பழமும் கட்டம்' என்ற சேலையை எடுத்துக்கொள்ளுங்கள். இன்றைக்கு எந்தப் பட்டுக் கடையிலும் அதைப் பாரம்பரிய ரகம் என்றுதான் விரித்துப் போடுகிறார்கள். அந்தப் பெயர் 1961இல் வந்த சிவாஜி, சரோஜாதேவி படத்தின் பெயர். அந்த வருஷத்துப் பெண்கள் சினிமா பார்த்து ஆசைப்பட்டுக் கேட்ட கட்டம் அது. கேட்டார்கள் என்பதற்காக நெசவாளி பாவிலேயே நிறம் மாற்றிக் கோத்தான். ஊடையில் எண்ணி எண்ணி நாடாவை மாற்றிப் போட்டான். ஒரு நூல் தப்பினாலும் கட்டம் கோணிவிடும். கண்ணைக் கெடுக்கும் அந்த வேலையைச் செய்தவன் அதைக் கலாச்சாரச் சீரழிவு என்று தள்ளியிருந்தால் அவன் வீட்டில் அடுப்பு எரிந்திருக்காது. எம்.எஸ். புளூ கதையும் அதுதான். காஞ்சிபுரத்து முத்து செட்டியார் எம்.எஸ். சுப்புலட்சுமிக்காகப் போட்ட நிறம், பாடகி கட்டினார் என்பதற்காகவே ஊர் ஊராகப் பெண்கள் தேடிப் போய் வாங்கிய மோகம். பதினெட்டு முழம் கட்டிய கிழவிகளுக்குப் பன்னிரண்டு முழச் சேலையே குறைச்சலாகத்தான் பட்டிருக்கும். அந்தப் பன்னிரண்டு முழம்தான் இன்று தமிழ்ப் பெண்ணின் அடையாளம். புட்டாவையும் கரையையும் இழுத்துத் தரும் ஜக்கார்டு பெட்டிகூட 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிரான்சின் லியோன் நகரத்தில் பிறந்தது. நம் வீட்டுத் தறிக்கு மேலே அது உட்கார்ந்திருக்கிறது. நாம் யாரும் அதை அந்நியன் என்று இறக்கிவிடவில்லை.

சுடிதார் விஷயம் இன்னும் அண்மைக் கதை. 1980களில் அது வடநாட்டு உடை, நம் பெண்களுக்கு ஆகாது என்றார்கள். அரசுப் பள்ளி ஆசிரியைகள் அதைப் போடலாமா கூடாதா என்பதே வருஷக்கணக்கில் வாதமாக இருந்தது. 1985இல் 'பூவே பூச்சூடவா' வந்தபின், அதில் நடித்த நதியாவைப் பார்த்து நதியா கம்மல், நதியா வளையல், நதியா கொண்டை என்று அலைந்த பெண்களுக்கு இப்போது அறுபதை ஒட்டிய வயது. அவர்களும் அப்போது வாங்கிக்கட்டிக்கொண்டார்கள். பிறகு சுடிதாருக்கு என்ன ஆயிற்று? 2015 நவம்பரில் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை, கோயிலுக்கு வருகிறவர்களுக்கு உடை விதி வகுத்தது. ஜீன்ஸ், லெக்கிங்ஸ் கூடாது. சேலை, தாவணி, மேல்துணியோடு சுடிதார் ஆகலாம். 2016 புத்தாண்டு அன்று அமலுக்கு வந்த அந்த விதியைச் சில வாரங்களிலேயே இன்னொரு அமர்வு நிறுத்திவைத்தது. ஆனால் பட்டியலைப் பாருங்கள். முப்பது வருஷத்துக்கு முன் ஒழுக்கக்கேடாக இருந்த சுடிதார், சந்நிதிக்குள் போகும் தகுதியைப் பெற்றுவிட்டது. துணி அதேதான். அதைப் போட்டவர்களுக்கு வயதாகி, அவர்கள் தீர்ப்புச் சொல்லும் இடத்துக்கு வந்துவிட்டார்கள்.

இன்னும் பின்னால் போனால் ரவிக்கை. வட ஆற்காட்டுக் கிராமங்களில் ரவிக்கை போடாத பாட்டிகளை என் வயதுக்காரர்கள் பார்த்தே வளர்ந்தோம். வெற்றுத் தோளில் முந்தானையைப் போட்டுக்கொண்டு நாற்று நட்டார்கள், சந்தைக்குப் போனார்கள். யாருக்கும் அது தப்பாகத் தெரியவில்லை. ரவிக்கை போட்ட முதல் மருமகள்தான் மினுக்கி என்று பெயர் வாங்கினாள். திருவிதாங்கூரிலோ நாடார் பெண்கள் மார்பை மூடியதற்காகவே சந்தையில் வைத்து மேலாடையைக் கிழித்தார்கள். பல பத்தாண்டுகள் போராடி 1859இல்தான் மேலாடை அணியும் உரிமைக்கு அரச அறிவிப்பு வந்தது. அன்று மூடினால் குற்றம், இன்று மூடாவிட்டால் குற்றம் என்று ஒரே மண் சொல்லியிருக்கிறது என்றால் துணியின் அளவு என்றைக்குமே பிரச்சினையாக இருந்ததில்லை. பெண் தானாக ஒன்றைத் தேர்ந்தெடுப்பதுதான் கண்ணை உறுத்தியது. சாதி அடுக்கில் கீழே வைக்கப்பட்டவள் தேர்ந்தெடுத்தால் இன்னும் அதிகம் உறுத்தியது.

கடைசியில் எல்லோரும் வந்து சேரும் வாதம் ஒன்று உண்டு: "காலம் கெட்டுக் கிடக்கு, பாதுகாப்புக்காகத்தான் சொல்றோம்." அக்கறையோடு சொல்கிறார்கள், அதை மறுக்கவில்லை. ஆனால் அவர்கள் காலம் பெண்ணுக்குப் பாதுகாப்பாக இருந்ததா? வயதுக்கு வந்ததும் பள்ளிக்கூடத்தை நிறுத்தி, ராட்டையில் தார் சுற்ற உட்காரவைத்தார்கள். வெளியே வராதவளை யார் சீண்ட முடியும்? வந்தவளைச் சீண்டினார்கள். சேலையும் தாவணியும் கட்டிய நாயகியைத் துரத்தித் துரத்திப் பாட்டுப் பாடுவதைக் காதல் என்று கைதட்டி ரசித்தது அந்தக் காலத்துத் தியேட்டர்தான். 1998இல் சென்னையில் ஒரு கல்லூரி மாணவி சீண்டலுக்குப் பலியான பிறகுதான் அதற்கென்று தமிழ்நாட்டில் தனிச் சட்டம் வந்தது. 2015இல் ஒரு பத்திரிகை, லெக்கிங்ஸ் போட்ட பெண்களைச் சம்மதம் இல்லாமல் எடுத்த படங்களை அட்டையில் போட்டு ஆபாசம் பற்றிக் கேள்வி கேட்டது. ஒளிந்து நின்று படம் எடுத்தவனின் கண் அல்லவா அங்கே ஆபாசம்?

ஆண்களைப் பற்றி இந்தப் பேச்சு வாயே திறப்பதில்லை. தொடை தெரிய லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு, வெற்று மார்போடு பால் வாங்கக் கடை வீதி வரை போய் வருகிறோம். புழுக்கத்தில் தறியில் உட்காருகிறவனுக்கு அது வேண்டியதுதான், நான் குறை சொல்லவில்லை. அதே புழுக்கம்தான் மூன்று வேளையும் அடுப்பில் நிற்கிறவளுக்கும். அவள் நைட்டிக்கு மேல் ஒரு துண்டைப் போட்டுக்கொண்டுதான் வாசல் தாண்ட வேண்டும் என்றால் எந்த நியாயத்தில்?

சேவூர்ப் பெரியவர்களே, பெரியப்பாமார்களே, அத்தைமார்களே, பெட்டியில் வைத்திருக்கும் படங்களை எடுங்கள். பேத்தியை உட்காரவைத்து, அந்த நைலக்ஸை எந்தக் கடையில் எடுத்தீர்கள், அதற்குக் காசு எப்படிச் சேர்த்தீர்கள், யார் என்ன சொன்னார்கள், நீங்கள் என்ன பதில் சொன்னீர்கள் என்று ஒன்று விடாமல் சொல்லுங்கள். அதைச் சொல்ல மனம் வராவிட்டால், காலையில் கல்லூரிப் பேருந்துக்குக் கிளம்பும் அவளை வாசலில் மறித்து நிற்காதீர்கள். பேருந்து அவளுக்காகக் காத்திருக்காது.