வீம்பு என்று சொல்லித் தப்பிக்காதீர்கள்

‘பார்டர்லைன் ஆளுமைக் கோளாறெல்லாம் பட்டணத்து வியாதி, கல்வராயன் மலையில் உழைத்துப் பிழைப்பவர்களுக்கு அது ஏது? கையைக் கிழித்துக்கொள்வது வெறும் வீம்பு. பேசினால் தீருமா?’ என்று சிலர் வாதிடுகிறார்கள்.

பெயர் தெரியாத வியாதி, இல்லாத வியாதி ஆகிவிடாது. உணர்ச்சிகள் கட்டுக்கடங்காமல் கொந்தளிக்கும் மனநலக் கோளாறு இது. கணவன் போனை எடுக்காவிட்டால் ‘விட்டுட்டுப் போயிட்டான்’ என்று அரை மணி நேரத்தில் நொறுங்கிப்போகிறவள் கல்வராயனின் வெள்ளிமலையிலும் இருக்கலாம். அவளுக்கு ஊர் தரும் வைத்தியம் திட்டு, இல்லையேல் மந்திரிப்பு.

இதற்கான சிகிச்சை வெறும் பேச்சு மட்டுமல்ல, பயிற்சி. அமெரிக்க உளவியலாளர் மார்ஷா லினஹான் உருவாக்கிய டிபிடி (டயலெக்டிகல் பிஹேவியர் தெரபி) சிகிச்சை, தன்னைக் காயப்படுத்திக்கொள்வதைக் குறைக்கிறது என்று 1991லேயே ஆய்வு காட்டியது. இளவயதில் அவரும் தன்னைக் காயப்படுத்திக்கொண்டவர்தான்; 2011இல் அதைப் பகிரங்கமாகச் சொன்னார். இந்தச் சிகிச்சையில், கொந்தளிப்பு தலைக்கேறும்போது அகலப் பாத்திரத்துக் குளிர்ந்த நீரில் சில விநாடி முகத்தை அமிழ்த்தச் சொல்லித் தருகிறார்கள். இதயத்துடிப்பு தணியும், விபரீத முடிவு தள்ளிப்போகும்.

குறை சொல்வதானால் தூரத்தைச் சொல்லுங்கள். சிகிச்சைக்காக வாராவாரம் மலையிறங்கிக் கள்ளக்குறிச்சி வந்தால் ஒருநாள் கூலி போச்சு. சிகிச்சை மலையேற வேண்டும் என்று அரசைக் கேளுங்கள். அதுவரை அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416 இருக்கிறது: இலவசம், 24 மணி நேரமும், தமிழிலும்.