ஸ்டீல் காஸ்கெட் எல்லா எஞ்சினுக்கும் அல்ல

பழைய அம்பாசிடரின் எஞ்சினை இறக்கியதுமே, "காசைப் பார்க்காதீங்க, மல்டி லேயர் ஸ்டீல் காஸ்கெட் போட்டுடுங்க, அப்புறம் ஹெட் பக்கமே போக வேண்டாம்" என்று சொல்ல நாலு பேர் வந்துவிடுகிறார்கள். இதை நம்பிச் செலவழித்தவர்கள் சில மாதத்தில் ரேடியேட்டரில் குமிழி வருவதைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள். இந்த நம்பிக்கை தவறு என்று உரக்கச் சொல்ல வேண்டியிருக்கிறது.

அந்த காஸ்கெட் பெரிதும் கைகொடுப்பது இரும்பு பிளாக்கின் மேல் அலுமினிய ஹெட் உட்கார்ந்த எஞ்சின்களில். சூட்டில் அலுமினியம் இரும்பைப் போல் ஏறக்குறைய இரண்டு மடங்கு விரியும். 40 செ.மீ. நீள ஹெட் 80 டிகிரி சூடேறினால் இரண்டுக்கும் சுமார் 0.35 மி.மீ. வித்தியாசம் வரும், ஒவ்வொரு முறையும் ஹெட் காஸ்கெட்டின் மேல் உரசி நகரும். பத்மினி காருக்கு அலுமினிய ஹெட், அங்கே இந்த வாதத்துக்கு இடமுண்டு. அம்பாசிடரின் 1489 சி.சி. எஞ்சினில் ஹெட்டும் வார்ப்பிரும்பு, பிளாக்கும் வார்ப்பிரும்பு. இரண்டும் சேர்ந்தே விரிகின்றன.

அதைவிட முக்கியம் முகத்தின் வழவழப்பு. ஸ்டீல் தகட்டின் மேல் இருப்பது மெல்லிய ரப்பர் பூச்சுதான். பள்ளத்தை அது நிரப்பாது. சொரசொரப்பு ஒரு மைக்ரானுக்குள் இருந்தால்தான் அது பிடிக்கும். தகட்டோடு மென்மையான நார்ப்பொருள் சேர்ந்த காம்போசிட் காஸ்கெட்டோ இரண்டு, மூன்று மைக்ரானையும் தாங்கும். ஃபேஸிங் போட்டு வந்த ஹெட்டில் நகத்தை வைத்து இழுத்துப் பாருங்கள். கோடு தடுக்கினால் ஸ்டீல் காஸ்கெட்டை மறந்துவிடலாம்.

அதுவும் ஹெட்டுக்கு மட்டும்தான் ஃபேஸிங்! பிளாக்கை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை, ஸ்டட்டுகளைக் கழற்ற வேண்டுமே என்ற சோம்பல். பல வருடம் முறுக்கி முறுக்கி, ஸ்டட் துளையைச் சுற்றி இரும்பு மேலே இழுபட்டு மெல்லிய வளையமாக எழும்பியிருக்கும். நேர்ப்பட்டையை வைத்தால் அதன் மேல் ஆடும். அந்த விளிம்பைச் சீவி, துளை வாயைச் சற்று அகட்டாமல் எந்த காஸ்கெட்டைப் போட்டாலும் கசியத்தான் செய்யும். (பழைய காஸ்கெட்டில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம், உலர்ந்தபடி சுரண்டாதீர்கள், நனைத்து எடுங்கள்.)

ரீபோர் செய்த பிளாக் என்றால் இன்னொன்று. 60 தவுசண்ட் (அங்குலத்தில் ஆயிரத்தில் 60 பங்கு) ஓவர்சைஸ் போட்டால் 73 மி.மீ. துளை 74.5 மி.மீ. ஆகிவிடும். காஸ்கெட்டை பிளாக்கின் மேல் விரித்துப் பாருங்கள். காஸ்கெட் வளையத்தின் விளிம்பு சிலிண்டருக்குள் துருத்தினால் அது பழுக்கக் காய்ந்து, ஸ்பார்க் வருமுன்பே பெட்ரோலைப் பற்றவைக்கும்.

எனவே முதலில் காஸ்கெட்டை முடிவு செய்யுங்கள். அதற்கேற்ற முகம் வேண்டும் என்று லேத்காரரிடம் கேளுங்கள். இரும்புக்கு இரும்பு எஞ்சினில் என் தேர்வு காம்போசிட்தான். அதற்கு ரீடார்க் வேண்டும் என்பதைக் குறையாகச் சொல்கிறார்கள். தயாரிப்பாளர் கேட்டிருந்தால், எஞ்சினை ஒருமுறை நன்றாகச் சூடேற்றி, முழுக்க ஆறவிட்டு, நடுவிலிருந்து வெளிப்புறமாக நட்டுகளை டார்க் ரெஞ்சால் மறுபடி இறுக்கி, டாப்பெட் இடைவெளியைச் சரிபார்க்க வேண்டும். ஒரு காலைப் பொழுது வேலை, அவ்வளவுதான்.