காது கல்லானால் பாலை நிறுத்துவதா?

குளியலறையில் விழுந்த சித்தப்பாவுக்குத் தலையில் சிடி ஸ்கேன் எடுத்தார்கள். மூளையில் ஒன்றுமில்லை. ரிப்போர்ட்டின் கடைசி வரியில் மட்டும், இரண்டு காது மடலிலும் சுண்ணம் படிந்திருப்பதாக ஒரு குறிப்பு. அன்று சாயங்காலமே வீட்டில் பாலும் தயிரும் கேழ்வரகுக் கூழும் நின்றுபோயின. "உடம்புல கால்சியம் ஏறிப்போச்சு" என்றார் பக்கத்து வீட்டுக்காரர். சிறுநீரகக் கல்லுக்கும் குதிகால் முள்ளுக்கும் அவர் இதையேதான் சொன்னார்.

குடித்த பால் நேரே காதில் போய் உட்காராது. ரத்தத்தில் கால்சியம் டெசிலிட்டருக்கு ஏறத்தாழ 8.5 முதல் 10.5 மில்லிகிராமுக்குள் இருக்கும்படி பாராதைராய்டு சுரப்பி பார்த்துக்கொள்கிறது. காது இறுகிய பலருக்கு இந்த அளவு சரியாகவே இருக்கும். குருத்தெலும்புக்குச் சொந்த ரத்தக்குழாய் கிடையாது. மேலுறையிலிருந்து ஊறி வருவதுதான் அதற்குச் சாப்பாடு. அடிபட்டோ கடும்பனியில் உறைந்தோ அது நைந்தால், நைந்த இடத்தில் சுண்ணம் படியும். பாராதைராய்டே மிகையாகச் சுரந்து கால்சியம் ஏறுவதும் உண்டு. அதை ரத்தப் பரிசோதனை சொல்லிவிடும். பாலை நிறுத்தினால் அந்தச் சுரப்பு அடங்காது.

அடுத்து, செவிடாகிவிடுமாம். மடல் ஒலியைத் திரட்டி உள்ளே தள்ளும் முறம், அவ்வளவுதான். கேட்கும் வேலை உள்காதில். சித்தப்பாவுக்கு அடுப்படியில் கிசுகிசுப்பதும் கேட்கிறது. ஒருக்களித்துப் படுத்தால் தலையணை உறுத்துகிறது என்பதுதான் அவர் புகார்.

"வயசானா அப்படித்தான்" என்கிறார்களே, எனக்குப் பயம் அதில்தான். அவர் காதைத் தொட்டுப் பார்த்தேன். மேல் விளிம்பு மடங்கவில்லை, ஓடு மாதிரி. குருத்தெலும்பே இல்லாத சோணை மட்டும் மெத்தென்று இருந்தது. வயதும் ஒரு காரணமாகலாம். ஆனால் பனியும் அடியும் படாமல் இரண்டு காதும் இப்படி இறுகினால், அட்ரினல் சுரப்பி ஓய்ந்திருக்கிறதா என்று பார்த்தே ஆகவேண்டும். 1855-இல் தாமஸ் அடிசன் விவரித்த அந்த நோய்க்கு நம் நாட்டில் காசநோயும் ஒரு காரணம். சோர்வு, எடை இழப்பு, கைரேகைகள் கறுப்பது, உப்புக்கு ஏங்குவது, எழுந்து நின்றால் ரத்த அழுத்தம் இறங்குவது எல்லாம் அதன் அடையாளங்கள். மாத்திரையால் காது திரும்ப இளகாமல் போகலாம், உயிர் பிழைக்கும்.

சித்தப்பா கொஞ்ச நாளாக ஊறுகாயைத் தனியாக வழித்துத் தின்கிறார். குளியலறையில் ஏன் விழுந்தீர்கள் என்று நான் கேட்கும்வரை யாரும் அவரைக் கேட்கவில்லை.

"வழுக்கலடா. எந்திரிச்சேன், கண்ணு இருட்டிடுச்சு."

நாளைக் காலை 8 மணிக்கு அவருக்கு, அட்ரினல் சுரக்கிறதா என்று பார்க்கும் கார்டிசால் பரிசோதனை.